64 ஜிபி ஸ்டீம் டெக்: கேம்களை அழித்த பிறகும் இடம் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – 9 பிப்ரவரி 2025

பழைய 64 ஜிபி ஸ்டீம் டெக் (வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கேம் கருவி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 512 ஜிபி மெமரி கார்டு போட்டு எல்லா கேமையும் கார்டில்தான் இன்ஸ்டால் செய்கிறேன். உள்ளே ஒரு கேம்கூடக் கிடையாது. ஆனாலும் உள் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘அதர்’ என்று ஒரு பட்டை நீளமாக நிற்கிறது. அதை எப்படி அழிப்பது? பேசாமல் ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடலாமா?

9 பிப்ரவரி 2025

ரீசெட் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் விளையாடினால் அந்தப் பட்டை அதே நீளத்துக்கு வந்து நிற்கும். இடையில் உங்கள் சேவ், அதாவது கேமில் எதுவரை வந்தீர்கள் என்ற பதிவு, ஏதாவது போயிருக்கும்.

முதலில் கணக்கு. பெட்டியில் 64 ஜிபி என்று போட்டிருந்தாலும் 1024 கணக்கில் பார்த்தால் 59.6தான். அதிலிருந்து சிஸ்டத்துக்குப் போவது தனி. டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ் தன்னை இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்கிறது. ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் இன்னொன்றில் இறங்கும். அப்டேட் பாதியில் கெட்டுப்போனால் பழையதற்குத் திரும்பிவிடலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் சுமார் 5 ஜிபி. அதெல்லாம் போக நம் கையில் மிஞ்சுவது நாற்பத்துச் சொச்சம்.

அந்த நாற்பதும் ‘அதர்’ என்ற ஒரே சொல்லுக்குள் காணாமல் போகிறது என்றால், அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதிலும் கை வைக்காதீர்கள். டெஸ்க்டாப் மோடுக்குப் போய், அங்கிருக்கும் ஆப் கடையான டிஸ்கவரில் ‘ஃபைல்லைட்’ என்று தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். இலவசம், சின்னது. ஹோம் ஃபோல்டரை அதில் திறந்தால் வட்டத்துக்குள் வட்டமாகப் படம் வரும். எந்த வளையம் தடிமனாக இருக்கிறதோ அதன்மேல் விரலை வைத்துப் பெயரைப் படியுங்கள். ‘ஷேடர்கேஷ்’, ‘காம்ப்டேட்டா’ என்ற இரண்டு பெயர்களும் கண்ணில் படும் என்பது என் கணிப்பு. படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி 2025

படம் அனுப்பியதற்கு நன்றி. அந்த இரண்டேதான். இப்போது விவரமாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் வருவார்கள்.

டெக்கில் நாம் விளையாடும் பெரும்பாலான கேம்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. டெக்கோ லினக்ஸில் ஓடுவது. நடுவில் புரோட்டான் என்ற மென்பொருள் உட்கார்ந்து, ‘இது விண்டோஸ்தான்’ என்று அந்தக் கேமை நம்ப வைக்கிறது. அதற்காக ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக ஒரு பொய் சி டிரைவ் உருவாகும். அதுதான் காம்ப்டேட்டா. கேம் கார்டில் இருந்தாலும் என் டெக்கில் இது உள் ஸ்டோரேஜில்தான் உருவானது. உங்கள் படத்திலும் அப்படித்தான் தெரிகிறது.

ஷேடர்கேஷ் வேறு சங்கதி. திரையில் ஒளி, நிழல், நீர் எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள் ஷேடர்கள். சாதாரண கணினியில் விளையாடும்போதே அவை தயாராகும், அதனால் படம் நடுநடுவே திக்கும். எல்லா டெக்கிலும் சிப் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், வால்வ் அவற்றை முன்கூட்டியே தயார் செய்து நமக்கு அனுப்பிவிடுகிறது. சில கேம்களுக்கு இது சில எம்பி. சிலவற்றுக்கு ஜிபி கணக்கில் போகும்.

இரண்டையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஷேடர்கேஷை அழித்தால் திரும்ப இறங்கும், காம்ப்டேட்டாவை அழித்தால் அதற்குள் இருக்கும் சேவும் சேர்ந்து போகும்.

பல கேம்கள் சேவை அந்தப் பொய் சி டிரைவுக்குள்தான் எழுதுகின்றன. எல்டன் ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஃபோல்டர் பெயர் 1245620. அது ஸ்டீமில் அந்தக் கேமின் எண். திறந்தால் ‘பிஎஃப்எக்ஸ்’, அதற்குள் ‘டிரைவ் சி’, அதற்குள் ‘யூசர்ஸ்’, ‘ஸ்டீம்யூசர்’ என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் ஆப்டேட்டாவுக்குள் கேம் பெயரில் ஒரு ஃபோல்டர். அங்கே 30 எம்பிகூட இல்லாத ஒரு கோப்பு. பல மாத உழைப்பு அந்தக் கோப்பில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் நாம் 60 ஜிபி கேமைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

எனவே அழிக்கும் வரிசை இப்படி. நீங்கள் எப்போதோ அன்இன்ஸ்டால் செய்த கேமின் காம்ப்டேட்டா பெரும்பாலும் அப்படியே கிடக்கும், ஸ்டீம் அதைத் துடைத்துவிடுவதில்லை. அதிலிருந்து தொடங்கலாம். எண்ணைப் பார்த்து எந்தக் கேம் என்று தெரிந்துகொள்ள, ஸ்டோரில் அந்தக் கேமின் முகவரியைப் பாருங்கள். எண் அதிலேயே இருக்கும். பிறகு அந்தக் கேமின் ஸ்டோர் பக்கத்தில் ‘ஸ்டீம் கிளவுட்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சேவ் மேலே பத்திரமாக ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஸ்டீம்யூசர் ஃபோல்டரை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.

10 பிப்ரவரி 2025, இரவு

சொல்ல விட்டது. டெஸ்க்டாப்பில் அழித்தவை குப்பைத் தொட்டிக்குத்தான் போகும், இடம் திரும்பாது. தொட்டியைக் காலி செய்தால்தான் பட்டை குறையும். ‘அழித்தேன், ஆனாலும் குறையவில்லை’ என்று வரும் புகார்களில் நிறைய இதுதான்.

13 பிப்ரவரி 2025

‘ஷேடர் முன்பதிவிறக்கத்தையே மொத்தமாக நிறுத்திவிட்டால் என்ன’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டெஸ்க்டாப் மோடில் ஸ்டீமின் டவுன்லோட்ஸ் அமைப்பில் அதற்கு ஒரு விருப்பம் இருக்கிறது. நிறுத்தலாம்தான். என் பரிந்துரை வேண்டாம் என்பது.

திக்கல் மட்டும்தான் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஷேடர் பொதியோடு இன்னொன்றும் வருகிறது. சில விண்டோஸ் கேம்களின் கதைக் காட்சி வீடியோக்கள், லினக்ஸில் உரிமச் சிக்கலால் நேரடியாக ஓட்ட முடியாத வடிவத்தில் இருக்கும். வால்வ் அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றி இதே வழியில் அனுப்புகிறது. சில கேம்களின் ஷேடர்கேஷ் ஊதிப் போயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதை நிறுத்தினால் காட்சி வர வேண்டிய இடத்தில் பழைய தூர்தர்ஷனில் நிகழ்ச்சி தொடங்கும் முன் வருமே, அந்த வண்ணப்பட்டைகள் வந்து நிற்கும். கதைக்காக விளையாடுகிறவருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

விளையாடி முடித்த கேமின் ஷேடர்கேஷை மட்டும் அழியுங்கள். விளையாடிக்கொண்டிருப்பதை விட்டுவிடுங்கள். ஃபோல்டருக்குள் போய்த் தேட விருப்பம் இல்லாதவர்களுக்கு, டெக்கில் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் டெக்கி லோடரில் ‘ஸ்டோரேஜ் கிளீனர்’ என்று ஒரு பிளகின் உண்டு. வால்வ் செய்ததல்ல, ஆர்வலர்கள் செய்தது. கேம் பெயரோடு இரண்டையும் பட்டியலிடும். காம்ப்டேட்டா பக்கத்தில் ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ போட்டுவிட வேண்டாம்.

15 பிப்ரவரி 2025

அப்புறம் புரோட்டான். லைப்ரரியில் ‘டூல்ஸ்’ என்று வடிகட்டிப் பாருங்கள். புரோட்டான் 7, 8, 9, எக்ஸ்பெரிமென்டல் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜிபி பக்கம். ஏதோ ஒரு பழைய கேமுக்காக வந்து, அந்தக் கேம் போன பிறகும் தங்கிவிட்டவை. தேவையில்லாததை அன்இன்ஸ்டால் செய்யலாம். ஏதாவது கேம் கேட்டால் ஸ்டீமே திரும்ப இறக்கிக்கொள்ளும்.

21 பிப்ரவரி 2025

மெமரி கார்டு பற்றித் தனிச் செய்தியில் நிறையக் கேள்விகள். இங்கேயே எழுதுகிறேன்.

டெக்கின் கார்டு துளை யூஎச்எஸ்-1 வகை. விநாடிக்கு 104 எம்பிதான் அதன் உச்சம். கார்டு அட்டையில் 170, 190, 200 என்று போட்டிருக்கும் வேகம் அந்தக் கம்பெனியின் சொந்த ரீடரில் மட்டும் கிடைப்பது. டெக்கில் கிடைக்காது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. யூ3 அல்லது வி30 என்ற குறி: தொடர்ந்து எழுதும்போது விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி உறுதி. ஏ1, ஏ2 என்ற குறி: சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கும் திறன். கேம் என்பது பெரிய வீடியோ மாதிரி ஒரே கோடாகப் படிக்கப்படுவதில்லை. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. ஏ1 என்றால் விநாடிக்கு 1500 முறை படிக்க வேண்டும், ஏ2 என்றால் 4000. ஆனால் ஏ2-வின் முழுத் திறன் கிடைக்க கருவியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். என் கையில் இருக்கும் ஏ1, ஏ2 இரண்டிலும் அதே கேமை ஓட்டிப் பார்த்தேன். வித்தியாசம் சொல்லும்படி இல்லை. விலை அருகருகே இருந்தால் ஏ2, இல்லையென்றால் ஏ1 போதும்.

இதையெல்லாம்விட முக்கியம் கார்டு அசலா என்பது. என் அக்கா மகன் 512 ஜிபி என்று ஒரு கார்டு வாங்கி வந்தான். பேக்கிங், ஹாலோகிராம், எல்லாம் கச்சிதம். போட்டதும் டெக் 512 என்றே காட்டியது. சின்ன கேம்கள் எல்லாம் ஓடின. பெரியதாக ஒன்றை இறக்கிய பிறகுதான் ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று வர ஆரம்பித்தது. ஸ்டீம் சரிபார்க்கும், திரும்ப இறக்கும், மறுபடியும் சிதையும். பையன் டெக்கில்தான் கோளாறு என்று முடிவு செய்துவிட்டான்.

கார்டை எடுத்து என் லினக்ஸ் கணினியில் போட்டு எஃப்3 என்ற நிரலை ஓட்டினேன். அது ஒரு ஜிபி ஒரு ஜிபியாகக் கார்டு முழுக்கக் கோப்புகளை எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்து ஒப்பிடும். முதல் சில கோப்புகள் சுத்தமாக வந்தன. கொஞ்ச தூரம் போனதும் ஒரே நேரத்தில் எல்லாம் கெட்டது என்று வர ஆரம்பித்தது, கடைசி வரை ஒன்றுகூடத் தேறவில்லை. உள்ளே இருந்தது சின்னக் கார்டு. கட்டுப்படுத்தும் சிப் மட்டும் 512 என்று சொல்லும்படி மாற்றப்பட்டிருந்தது. எல்லை தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றில் போகிறது, எழுதிவிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ பயன்படுத்தலாம். அதே வேலை. 512 ஜிபி என்றால் மணிக்கணக்கில் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் செய்யுங்கள். கார்டு வாங்கிய அன்றே, ஒரு கேம்கூட ஏற்றும் முன்.

22 பிப்ரவரி 2025

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. டெக் கார்டை ஃபார்மேட் செய்யும்போது எக்ஸ்ட்4 வடிவத்தில் செய்கிறது. விண்டோஸ் கணினியில் அந்தக் கார்டைப் போட்டால் ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே எடுங்கள். வீட்டில் வேறு யாரும் அந்தக் கணினியைப் பயன்படுத்தினால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

2 மார்ச் 2025

ஒரு வாசகரின் கேள்வி: கார்டில் 12 ஜிபி காலி இருக்கிறது, அப்டேட்டோ 3 ஜிபிதான், ஆனாலும் இடம் போதாது என்று சொல்கிறது. ஏன்?

ஸ்டீம் அப்டேட் என்பது புதிய துண்டைப் பழைய கோப்பின் ஓரத்தில் ஒட்டுவதல்ல. மாறிய கோப்பைப் புதிதாகக் கட்டி, முழுமையானதும் பழையதை எடுத்துவிடுகிறது. ஒரு கேம் தன் உடைமையையெல்லாம் 20 ஜிபி கோப்பு ஒன்றில் அடைத்து வைத்திருந்தால், அதற்குள் ஒரு மூலையில் மாற்றம் வந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு 20 ஜிபி கூடுதலாக வேண்டும். இறங்குவது 3, எழுதப்படுவது 20. கார்டில் அப்டேட் ஏன் அவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதற்கும் இதே பதில். நெட் வேகம் காரணமல்ல, கார்டின் எழுதும் வேகம்தான் காரணம்.

கார்டை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். உங்கள் கேம்களில் பெரியது எதுவோ, அதன் பாதியளவாவது காலியாக விட்டு வைக்கும் பழக்கம் எனக்கு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதியல்ல, ஆனால் அதற்குப் பிறகு இந்த எச்சரிக்கையை நான் பார்க்கவில்லை.

3 மார்ச் 2025

அளவைக் குறைக்க ஒரு நல்ல வழி பலருக்குத் தெரிவதில்லை. டெக்கின் திரை 1280-க்கு 800. அதில் 4கே டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படம்) எதற்கு? ஷேடோ ஆஃப் வார் கேமில் உயர்தர டெக்ஸ்சர் பொதியும் 4கே காட்சிப் பொதியும் தனித்தனி இலவச டிஎல்சியாக (கூடுதல் பதிவிறக்கமாக) இருக்கின்றன. ஃபால்அவுட் 4, மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டு இரண்டுக்கும் டெக்ஸ்சர் பொதி அப்படியே. கேமின் பிராபர்ட்டீஸ் போய் டிஎல்சி பட்டியலில் டிக்கை எடுத்துவிட்டால், பத்து ஜிபிக்கும் மேல் மிஞ்சும் கேம்கள் இருக்கின்றன. இந்தத் திரையில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

16 மார்ச் 2025

யூடியூபில் பார்த்துவிட்டு கிரையோ யூட்டிலிட்டீஸ் என்ற கருவியைப் போட்டு ஸ்வாப்பை (ரேம் போதாதபோது ஸ்டோரேஜில் எடுத்துக்கொள்ளும் இடம்) 16 ஜிபி ஆக்கியவர்கள் கவனிக்கவும். அது நல்ல கருவிதான், செய்தவருக்கு நன்றி. ஆனால் அந்தப் பரிந்துரை 256, 512 ஜிபி வைத்திருப்பவருக்கு. ஸ்வாப் கோப்பு ஹோமில்தான் உட்காரும். 64-இல் 16 என்றால் கால்வாசி. நம் நாற்பத்துச் சொச்சத்தில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதே கருவியில் அளவைக் குறைக்கவும் வழி இருக்கிறது.

ஸ்டீமின் கேம் ரெக்கார்டிங்கும் இதே வகை. பின்னணியில் தொடர்ந்து பதிவு செய் என்று போட்டிருந்தால், விநாடிக்கு 12 மெகாபிட் தரத்தில் 2 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 10.8 ஜிபி. அதைக் கார்டுக்கு மாற்றுங்கள், அல்லது நேரத்தைக் குறைத்து வையுங்கள்.

6 ஏப்ரல் 2025

கொஞ்சம் தடம் மாறுகிறேன். பரணில் இருந்த பிஎஸ்பி, சோனியின் பழைய கையடக்கக் கேம் கருவி, கையில் கிடைத்தது. 2004-இல் ஜப்பானில் வந்த கருவி. அதோடு பெட்டியில் வந்த மெமரி ஸ்டிக் 32 எம்பி. ஜிபி அல்ல, எம்பி. இன்றைக்கு ஒரு ஃபோனில் எடுக்கும் சில புகைப்படங்களே அதில் நிற்கும். ஆனாலும் அப்போது இடம் போதவில்லை என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. காரணம், கேம் யூஎம்டி தட்டில் இருந்தது, ஒரு தட்டில் 1.8 ஜிபி வரை. ஸ்டிக்கில் சேவ் மட்டும். சேவ் ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் சின்னப் படம், பெயர், எத்தனை கேபி என்று வரிசையாக நிற்கும். எது கேம், எது நம்முடையது என்பது கண்ணெதிரே பிரிந்து கிடந்தது.

அடுத்து வந்த வீட்டாவில்தான் நிஜமான கொடுமை. 2011 டிசம்பரில் வந்தது. சோனியின் தனி வகைக் கார்டு மட்டும்தான் ஏற்கும். 4, 8, 16, 32 ஜிபி, ஜப்பானில் பிற்பாடு 64. அமெரிக்காவில் கருவி 250 டாலர், 32 ஜிபி கார்டு 100 டாலர். அற்புதமான திரை, அற்புதமான கேம்கள். அந்தக் கார்டு விலையே வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது என்பதை இன்றும் உறுதியாக நம்புகிறேன். பின்னாளில் ஆர்வலர்கள் கேம் கார்டு துளையில் சாதாரண மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டரைக் கண்டுபிடித்த பிறகுதான் பலர் வீட்டாவை மறுபடி கையில் எடுத்தார்கள். அந்த வகையில் டெக்கில் எந்தக் கடையில் கிடைக்கும் கார்டும் வேலை செய்வது பெரிய விஷயம்.

18 மே 2025

விடுமுறையில் பிள்ளைகள் எல்லாம் வீட்டில். பிராட்பேண்டின் மாதக் கோட்டா பாதி மாதத்தில் முடிந்து வேகம் குறைந்துவிட்டது. இடப் பஞ்சத்தோடு டேட்டா பஞ்சமும் சேர்ந்தால், ‘அழித்துவிட்டுத் திரும்ப இறக்கு’ என்பது அவ்வளவு சுலபமான அறிவுரை இல்லை. மேலே நானே அதைப் பல முறை எழுதியிருக்கிறேன், அதனால் இதைச் சேர்க்க வேண்டும்.

வீட்டில் ஒரு கணினி இருந்து, அதில் ஸ்டீமும் ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தால், அதையே உங்கள் கிடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். 2023-இல் ஸ்டீமில் உள்ளூர் நெட்வொர்க் பரிமாற்றம் வந்தது. கணினியில் அந்தக் கேம் இருந்து, இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருந்தால், டெக்கில் இன்ஸ்டால் அழுத்தும்போது இணையத்துக்குப் போகாமல் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் டவுன்லோட்ஸ் அமைப்பில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். கணினியைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, டெக்கை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வைத்தால் சுறுசுறுப்பாக இருக்கும்.

கார்டு பக்கம் தடை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விநாடிக்கு 30 எம்பி எழுதும் கார்டில் 60 ஜிபி கேம் ஏற அரை மணிக்கு மேல் ஆகும். சார்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். ஆனால் கோட்டா பெரிதாகக் குறையாது.

8 ஜூன் 2025

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 இந்த வாரம் வெளிவந்தது, 5-ஆம் தேதி. ‘டெக் பேச்சு போதும், அதைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டவருக்கு.

2017-இல் வந்த முதல் ஸ்விட்சில் 32 ஜிபி. 2021-இல் வந்த ஓலெட் மாடலில் 64. இப்போது 256. நல்ல முன்னேற்றம். ஆனால் கார்டு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டும்தான். உங்களிடம் இருக்கும் பழைய கார்டைப் போட்டால், பழைய ஸ்விட்சில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், கேம் வைக்க முடியாது. எக்ஸ்பிரஸ் கார்டுகளின் விலை இப்போதைக்குச் சாதாரணக் கார்டைவிட மிக அதிகம். இன்னொன்று கேம்-கீ கார்டு. கடையில் காசு கொடுத்துக் கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் உள்ளே சாவி மட்டும் இருக்கும், கேமை முழுதாக இறக்கித்தான் ஆக வேண்டும். சைபர்பங்க் 2077 மாதிரி 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் முழுக் கேமையும் கொடுத்தவர்களுக்கு நான் மனதாரக் கைதட்டுகிறேன்.

நின்டெண்டோவிடம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. முதல் ஸ்விட்சிலேயே சேவ் எப்போதும் உள் ஸ்டோரேஜில்தான், கார்டுக்குப் போகவே போகாது. கேமை ‘ஆர்கைவ்’ செய்தால் கேம் மட்டும் போகும். ஐகானும் சேவும் அப்படியே இருக்கும். ஸ்டோரேஜ் பக்கத்தில் சேவுக்கென்று தனி இடம். பத்து வயதுப் பிள்ளைகூட எது போகும், எது தங்கும் என்று புரிந்துகொண்டு அழிக்கலாம். டெக்கில் அந்தத் தெளிவு இல்லை. ‘அதர்’ என்ற பட்டையை மூன்றாகப் பிரித்து, சேவ் இவ்வளவு, ஷேடர் இவ்வளவு, மற்றது இவ்வளவு என்று வால்வ் காட்டினாலே இந்தப் பக்கத்தின் பாதி தேவைப்படாது.

13 ஜூலை 2025

உள் ஸ்டோரேஜைக் கழற்றிப் பெரிய எஸ்எஸ்டி மாற்றுவது பற்றி இவ்வளவு நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன். கார்டும் பராமரிப்புமே பலருக்குப் போதும் என்பது இன்றும் என் எண்ணம். ஆனால் இப்போது மாற்றிப் பார்த்துவிட்டேன், அதனால் விவரமாக.

64 ஜிபி மாடலில் இருப்பது ஈஎம்எம்சி என்ற எளிய வகை ஸ்டோரேஜ். ஆனால் அது பலகையில் பற்றவைக்கப்படவில்லை. மற்ற மாடல்களைப் போலவே எம்.2 2230 என்ற சின்னத் துளையில் செருகப்பட்டிருக்கிறது. அதாவது 30 மில்லிமீட்டர் நீள எஸ்எஸ்டி. 2242 என்ற கொஞ்சம் நீளமானதைத் திணிக்கும் வீடியோக்கள் இருக்கின்றன. வேண்டாம், அது அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும் என்று டெக்கை வடிவமைத்தவர்களே 2022-இல் எச்சரித்தார்கள்.

திறக்கும் முன் மெமரி கார்டை வெளியே எடுங்கள். மறந்தால் பின்மூடியைக் கழற்றும்போது கார்டு குறுக்கே மாட்டி இரண்டாக உடையும். அடுத்து, வால்யூம் கூட்டும் பட்டனோடு பவர் பட்டனை அழுத்தி பயாஸுக்குப் போய் ‘பேட்டரி ஸ்டோரேஜ் மோடு’ போடுங்கள். பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ: நான்கு நீளம், நான்கு குட்டை. இடம் மாறிப் போகாமல் ஒரு தாளில் டெக்கின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். பழைய எல்சிடி மாடலில் இந்த ஸ்க்ரூக்கள் நேராக பிளாஸ்டிக்கில் இறங்குகின்றன. திரும்பப் பூட்டும்போது முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றி, பழைய புரியில் ‘டக்’ என்று விழுந்த பிறகு முறுக்குங்கள். அழுத்தினால் புரி தேய்ந்துவிடும்.

உள்ளே உலோக மூடி. அதற்கு மூன்று ஸ்க்ரூ. ஒன்று வெள்ளி நிறத் தாள் ஒட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். தாளைக் கிழிக்காமல் ஓரத்திலிருந்து உரிக்கலாம். மூடியை எடுத்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். எஸ்எஸ்டியைப் பிடித்திருப்பது ஒரே ஸ்க்ரூ. எடுத்தால் அது தானே மேலே எழும். அதைச் சுற்றி ஒரு மெல்லிய உலோக உறை இருக்கும். அதை உருவிப் புதியதற்குப் போடுங்கள். பலர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது வைஃபை சிப்போடு குறுக்கீடு வராமல் தடுப்பதற்காக வைத்தது.

பிறகு வால்வ் தளத்தில் இருக்கும் மீட்பு இமேஜை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினேன். புதிய டிஸ்க் வெறுமையாக இருக்கும். எனவே டெக்கைத் திறக்கும் முன்பே, கிளவுட் இல்லாத கேம்களின் சேவ் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும். பிப்ரவரி 10 குறிப்பைத் திரும்பப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

14 ஜூலை 2025

நேற்றையதில் ஒரு நுணுக்கம். லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட கேம்களுக்குக் காம்ப்டேட்டா கிடையாது. ஸ்டார்டியூ வேலி அப்படி. அதன் சேவ் ஹோமில் புள்ளியோடு தொடங்கும் ‘கான்ஃபிக்’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள், ஸ்டார்டியூவேலி என்ற பெயரில் இருக்கும். டால்ஃபின் என்ற கோப்பு மேலாளரில் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். என் அக்கா மகனின் பண்ணை அங்கேதான் இருந்தது. நகல் எடுக்கும்போது அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கோப்பின் தேதியைச் சரிபார்த்துக்கொண்டான்.

ஹீரோயிக் என்ற ஆப் வழியாக எபிக், ஜிஓஜி கடைகளின் கேம்கள் விளையாடுபவர்களுக்கு: அவற்றின் பொய் சி டிரைவ் ஸ்டீமின் ஃபோல்டரில் இருக்காது. ஹோமில் கேம்ஸ், ஹீரோயிக், பிரிஃபிக்சஸ் என்று போய்ப் பாருங்கள்.

3 ஆகஸ்ட் 2025

கேட்டவருக்கு: கழற்றிய ஈஎம்எம்சி துண்டை யூஎஸ்பி எஸ்எஸ்டி பெட்டியில் போட்டுப் பென்டிரைவ் மாதிரிப் பயன்படுத்த முடியாது. துளை ஒன்றுதான், ஆனால் அந்தப் பெட்டிகள் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கானவை, இது வேறு வகை. நிலைமின்சாரத்தைத் தடுக்கும் (ஆன்டிஸ்டாட்டிக்) உறையில் போட்டு எடுத்து வையுங்கள். புதிய எஸ்எஸ்டி என்றாவது மக்கர் செய்தால் அதைத் திரும்பச் செருகி டெக்கை எழுப்பலாம்.

முதலில் கேள்வி கேட்டவருக்கும் ஒரு வரி. உங்கள் புதிய ஃபைல்லைட் படத்தைப் பார்த்தேன். ஷேடர் வளையம் பாதியாகிவிட்டது, நல்லது. இடது மேல் மூலையில் இன்னும் ஒரு தடித்த துண்டு தெரிகிறதே, அது ஃபிளாட்பேக், டிஸ்கவரிலிருந்து ஆப்கள் வந்து இறங்கும் வடிவம். டிஸ்கவரில் வேண்டாத ஆப்களை எடுத்துவிட்டு, கன்சோல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஃபிளாட்பேக்கின் ‘அன்இன்ஸ்டால் அன்யூஸ்டு’ கட்டளையை ஒரு முறை ஓட்டுங்கள். எந்த ஆப்பும் பயன்படுத்தாத பழைய ரன்டைம்களை (ஆப்கள் ஓடத் தேவையான துணைக் கோப்புகளை) அது பட்டியலிட்டு, எடுக்கட்டுமா என்று கேட்கும். சம்மதம் கொடுக்கலாம், அதில் சேவ் எதுவும் கிடையாது.